நகையும் கொடுமையும்: திரையில் ஜோக்கர்

காப்பியத் தலைவன் ஒருவனின் பெருமையை அளந்தறிதற்கு அவனை எதிர்த்து நிற்போனின் பெருமையே கோலாகும் என்பது இலக்கிய மாணவர் யாவரும் அறிந்த செய்தி. இராவணனுக்கு வீரமும் இசையும் செல்வமும் நிரம்ப வழங்கிய பின்னரே கம்பன் அவனைப் போர்க்களத்திற் கிடத்துகின்றான். அங்ஙனம் கிடத்தியபின் அவன் எழுவதில்லை. அமெரிக்க நாட்டுச் சித்திரக்கதைகளில் வரும் தீயோர்க்கோ இந்த நற்பேறு வாய்ப்பதில்லை. திங்கள்தோறும் வெளிவரும் சஞ்சிகைக்குத் திங்கள்தோறும் ஒரு பகைவன் வேண்டும். ஆதலின் இன்று சிறைப்பட்டவன் நாளை தப்பி ஓடுகின்றான். இவ்வாண்டு மடிந்தவன் அடுத்த ஆண்டு உயிர்த்தெழுகின்றான். பல கதாசிரியரும் பல ஓவியரும் தலைமுறை தலைமுறையாக எழுதிச் செல்லும் இத்தகைய பாத்திரத்துக்கு, மூலநூல் இதுதான் என்று சுட்டத்தக்க ஒன்று இல்லை. ஆகவே அதனைத் திரைக்குக் கொணர்ந்தோரை ஒப்புநோக்கும்போது, இவர் மூலத்தைக் காத்தார், அவர் மூலத்தைச் சிதைத்தார் எனத் தீர்ப்புக் கூறுதல் பயனற்ற வேலையாகும்.

பின் எதனைக் கொண்டு ஒப்புநோக்குவது? வௌவால் மனிதன் எனப் பொருள்படும் பற்மன் என்னும் வீரனுடைய கதைகளில் வரும் ஜோக்கரை எடுத்துக்கொண்டால் இவ்வினாவுக்கு விடை எளிதிற் கிடைக்கின்றது. வெளிறிய முகம், பச்சை மயிர், செவ்விய வாய், ஊதா நிற உடை என அவனுக்குப் புற அடையாளங்கள் பல உள. அவற்றுள் எதனை நீக்கினும் அவன் அவனாகவே நிற்பான். சிரிப்பை நீக்கினால் நில்லான். அச்சிரிப்பு எங்கிருந்து பிறக்கின்றது என்னும் ஒரு வினாவுக்கே ஒவ்வொரு நெறியாளரும் நடிகரும் தத்தம் விடையைக் கூறியுள்ளனர். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டினுள் நகையை முதலில் வைத்து, அது தோன்றுதற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடம் என நான்கு நிலைக்களங்களைக் காட்டினார். அமெரிக்கக் கற்பனை நகரொன்றின் கொலையாளியை ஆராயத் தொல்காப்பியம் எற்றுக்கு என்று வினவுவோர் இருப்பர். சிரிக்கும் உடம்பு எந்நாட்டிலும் ஒன்றே என்பது அவர்க்கு யாம் கூறும் விடை.

இவ்வாராய்ச்சிக்கு மற்றொரு தேவையும் உண்டு. நம் மாணவருட் சிலர் இப்பாத்திரத்தின் கூற்றுக்களை ஞானியரின் வாக்குப்போல எடுத்தாளுகின்றனர். அவன் உலகின் பொய்ம்மையைத் தோலுரித்துக் காட்டுபவன் எனவும், தீயவனாயினும் உண்மை பேசுபவன் எனவும் அவர்கள் வாதிப்பதுண்டு. ஒருவன் செய்த கொடுமைக்குக் காரணம் காட்டுதல் அதனை மன்னித்தலாகுமா? காரணம் காட்டாது விடுதல் அவனை மனித குலத்தினின்று நீக்கி, நம்மை நாமே நல்லோராகக் கருதிக்கொள்ள வழி செய்வதாகுமா? ஜோக்கர் படங்கள் ஒன்றோடொன்று வாதிடுவது இதுபற்றியே.

கதை 1869 ஆம் ஆண்டிலே தொடங்குகின்றது. அவ்வாண்டில் பிரெஞ்சு எழுத்தாளரான விக்ரர் ஹியூகோ ‘சிரிக்கும் மனிதன்’ என்னும் நாவலை வெளியிட்டார். அதன் தலைவனான குவின்பிளேன் ஆங்கிலப் பிரபு ஒருவரின் மகன். அரசனின் விருப்பப்படி, குழந்தைகளை வாங்கி உருக்குலைத்து விற்கும் கூட்டத்தாரிடம் அவன் இளமையிலேயே ஒப்படைக்கப்படுகின்றான். அவர்கள் அவனது வாயைக் கிழித்து, என்றும் மாறாத சிரிப்பொன்றை முகத்திலே செதுக்கிவிடுகின்றனர். பின்னாளில் தன் பிறப்புரிமையைப் பெற்றுப் பிரபுக்கள் சபையிலே எழுந்து ஏழைகளின் துயரை அவன் எடுத்துரைக்கும்போது, சபை அவன் முகத்தைப் பார்த்து நகைக்கின்றது. 1928 இல் போல் லெனி இந்நாவலைப் பேசாப் படமாக்கினார். கண்கள் கலங்கி நிற்க, பற்கள் மட்டும் நகைக்கும் அம்முகத்தைக் கொன்ராட் வைற் என்னும் ஜேர்மானிய நடிகர் தாங்கினார். 1940 இல் பற்மன் சஞ்சிகையின் முதலிதழில் ஜோக்கர் தோன்றியபோது அம்முகத்தின் சாயல் அவன்மேற் படிந்திருந்தது. பில் பிங்கர், பொப் கேன், ஜெரி ரொபின்சன் என்னும் மூவருள் அவனைப் படைத்ததில் எவருக்கு எவ்வளவு பங்கு என்பதில் அவர்களிடையே பிணக்கு நிலவிற்று. எவர் எடுத்தாராயினும், எடுத்தது குவின்பிளேனின் முகத்தை மட்டுமே. அம்முகத்தின் பின்னிருந்த புண்பட்ட நெஞ்சை அவர்கள் விட்டுவிட்டனர். பிறர் செய்த கொடுமையின் வடுவாக இருந்த சிரிப்பு, பிறர்க்குக் கொடுமை செய்பவனின் கொடியாயிற்று. பின்வந்த திரைப்படங்களை விளங்கிக்கொள்வதற்கு இந்த மாற்றத்தை நினைவில் இருத்தல் வேண்டும்.

அம்முதற் கதையிலே அவன் வானொலியிலே தோன்றி, இன்னாரை இன்ன நேரத்திற் கொல்வேன் என அறிவிக்கின்றான். பொலிசார் சூழ்ந்து நிற்கவும் குறித்த நேரத்தில் அம்மனிதர் நஞ்சினால் மடிகின்றார். பிணத்தின் வாய் சிரித்தபடி இருக்கின்றது. அதே இதழில் வந்த மற்றொரு கதையின் முடிவிலே ஜோக்கர் தன் கத்தியே தன் மார்பிற் பாய்ந்து இறப்பதாக எழுதப்பட்டிருந்தது. பதிப்பாசிரியரான விற்னி எல்ஸ்வேர்த் இத்தகைய பகைவனை இழத்தல் அறிவீனம் எனக் கண்டு, அவன் பிழைத்துவிட்டான் என்று கூறும் ஒரு சித்திரத்தை இறுதியிலே சேர்க்கச் செய்தார். அவ்வொரு சித்திரத்திற்கு இத்துறை பட்டிருக்கும் கடன் பெரிது.

1951 இல் எழுதப்பட்ட கதையொன்று, இரசாயனக் கழிவுநீரில் வீழ்ந்ததனால் அவனுடைய தோலும் மயிரும் நிறம் மாறின என்று முதன்முதலாகக் காரணம் கூறிற்று. அக்காரணம் தோலுக்கேயன்றி நெஞ்சுக்கன்று. 1954 இல் சித்திரக்கதை வெளியீட்டாளர்கள் தமக்குத் தாமே ஒழுக்கவிதிகளை வகுத்துக்கொண்டபின் கொலையாளியான ஜோக்கர் வெறும் குறும்பனாகத் தேய்ந்தான். திரைக்கு முதலில் வந்தவன் இந்தக் குறும்பனே.

1966 முதல் 1968 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியிலே ஒளிபரப்பான தொடரிலும், 1966 இல் வெளிவந்த அதன் திரைப்படத்திலும் சீசர் ரொமேரோ ஜோக்கராக நடித்தார். தம் மீசையை மழிக்க அவர் இசையவில்லை. ஆகவே அதன்மேலேயே வெண்சாந்து பூசப்பட்டது. கூர்ந்து நோக்குவார்க்கு அம்மீசை நன்கு தெரியும். பிற்காலத் திறனாய்வாளர் பலர் இத்தொடரை ஏளனத்தோடு ஒதுக்குவர். எமக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு கதையிலே ஜோக்கரும் பற்மனும் கடலலைமேற் பலகையேறிச் சறுக்கும் போட்டியில் இறங்குகின்றனர். இருவரும் தத்தம் வேடத்தின்மேல் நீச்சலுடை அணிந்து போட்டியிடுகின்றனர். சாவு புகமுடியாத விளையாட்டு உலகம் அது. தொல்காப்பியர் கூறிய இளமை என்னும் நிலைக்களத்தில் நின்று எழும் சிரிப்பு ரொமேரோவினுடையது. பிள்ளைகள் கள்ளன் பொலிஸ் விளையாடும்போது கள்ளனாக நின்றவன் சிரிக்கும் சிரிப்பு. நடிகர் தம் வேடத்தினுள்ளே மறைந்துபோக விரும்பவுமில்லை. மீசை தெரிந்தாற் குற்றமில்லை என்று எண்ணும் அந்த நிலை நாட்டுக்கூத்துப் பார்த்துப் பழகிய நமக்குப் புதிதன்று.

இருபது ஆண்டுகளின்பின் நிலைமை முற்றாக மாறிற்று. 1988 இல் அலன் மூர் எழுத, பிரயன் பொலண்ட் வரைந்த ‘தி கில்லிங் ஜோக்’ என்னும் சித்திரநூல் ஜோக்கருக்கு ஒரு முன்வரலாற்றை வழங்கிற்று. மக்களைச் சிரிக்கவைக்க முயன்று தோற்ற ஏழை நகைச்சுவையாளன் ஒருவன், வறுமையினாற் கள்வரோடு சேர்கின்றான். அன்றே அவனுடைய கருவுற்ற மனைவி விபத்தில் இறக்கின்றாள். இரசாயன நீரில் வீழ்ந்து எழும்போது அவனுக்குப் பித்தம் தலைக்கேறிவிடுகின்றது. ஒரு தீய நாள் போதும், எவரும் தன்னைப்போல ஆகிவிடுவர் என்பது அவன் கொள்கை. அதனை நிறுவுவதற்காகப் பொலிஸ் ஆணையாளர் கோர்டனின் மகளைச் சுட்டு முடமாக்கி, கோர்டனையும் வதைக்கின்றான். கோர்டன் பித்தனாகவில்லை, சட்டப்படியே குற்றவாளியைப் பிடித்துவருமாறு பற்மனைப் பணிக்கின்றார். கொள்கை தோற்றது என்பது தெளிவு. ஆயினும் மூர் மற்றொரு நுட்பமும் செய்தார். தன் பழைய கதை ஒருநேரம் ஒருவிதமாகவும் மற்றொருநேரம் வேறுவிதமாகவும் நினைவுக்கு வருவதாக ஜோக்கரே கூறுகின்றான். பின்வந்த இரு பெரும் படங்களும் இந்நூலின் இரு கிளைகள் எனலாம். ஒன்று தோற்ற நகைச்சுவையாளனை எடுத்துக்கொண்டது. மற்றொன்று நம்பத்தகாத நினைவை எடுத்துக்கொண்டது.

அவற்றுக்கு முன்னர் ரிம் பேர்ட்டன் 1989 இல் நெறிப்படுத்திய ‘பற்மன்’ வந்தது. ஜக் நிக்கல்சன் ஜோக்கர். இங்கு அவனுக்கு ஜக் நேப்பியர் எனப் பெயரும், கூலிக்குக் கொலைசெய்யும் தொழிலும், தலைவனின் காதலியைக் கவர்ந்த வரலாறும் உண்டு. பற்மனோடு நிகழ்ந்த மோதலில் இரசாயனக் கொப்பரையுள் வீழ்ந்து, முகம் சிதைந்து எழுகின்றான். படத்தின் பிற்பகுதியில், சிறுவனாக இருந்த பற்மனின் பெற்றோரைக் கொன்றவனும் இவனே எனத் தெரிகின்றது. நீ என்னை ஆக்கினாய், நான் உன்னை ஆக்கினேன் என்ற கணக்கு இருவரிடையேயும் தீர்க்கப்படுகின்றது. கதைப்பின்னல் இதனால் இறுக்கம் பெற்றது உண்மை. ஆனால் பெயர் தெரியாத தெருக்கள்ளன் ஒருவனின் கையால் நிகழ்ந்த கொலை, நகரம் முழுவதிலும் உள்ள தீமையின்மேற் பற்மனைப் போர் தொடுக்கச் செய்தது என்னும் பழைய கதையிலே இருந்த பரப்பு, இரண்டு மனிதரின் குடும்பப்பகையாகச் சுருங்கிவிட்டது.

எனினும் இப்படத்தின் சிறப்பு அதன் பின்னலில் இல்லை. நிக்கல்சனின் ஜோக்கர் தன்னைக் கலைஞனாகக் கருதுகின்றான் என்பதிலே உள்ளது. நகரத்து அரும்பொருட்சாலைக்குள் தன் கூட்டத்தோடு இசைமுழங்க நுழைந்து, பேர்பெற்ற ஓவியங்கள்மேற் சாயம் வீசி, சிலைகளைச் சாய்த்து ஆடுகின்றான். பிரான்சிஸ் பேக்கன் வரைந்த ஓவியம் ஒன்றை அவனுடைய ஆள் கிழிக்க முற்படும்போது மட்டும் தடுத்து, அது தனக்குப் பிடித்திருக்கின்றது என்கின்றான். வெட்டப்பட்ட மாட்டிறைச்சியின் நடுவே அலறும் உருவம் ஒன்று அமர்ந்திருக்கும் ஓவியம் அது. அழகு அனைத்தையும் அழிப்பவனுக்கும் ஒரு சுவை உண்டு என்பதை ஒரு கணத்திலே காட்டிவிடும் இவ்விடம் படம் முழுவதிலும் நுண்மையானது. அவன் நகரத்துக்கு நஞ்சிடும் முறையும் அத்தகையதே. நஞ்சு எந்த ஒரு பொருளிலும் முழுமையாக இல்லை. மயிர்ப்பூச்சு, வாசனைத்தைலம், உதட்டுச்சாயம் முதலியவை ஒன்றுகூடும்போதே கொல்லுகின்றது. அச்சங்கொண்ட செய்தி அறிவிப்பாளர் அலங்காரம் எதுவுமின்றி, பருவும் சோர்வும் தெரிய, தொலைக்காட்சியில் வந்து அமர்கின்றனர். விளம்பரத்தால் வாழும் நாகரிகத்தை இதைவிடச் சுருக்கமாக எள்ளமுடியாது. ஆம், நிக்கல்சனின் நகை எள்ளலிற் பிறந்தது. மேலிருந்து கீழே நோக்கிச் சிரிக்கும் சிரிப்பு. தேவாலயக் கோபுரத்தினின்று வீழ்ந்து அவன் மடிந்தபின்னும் அவன் சட்டைப்பையிலிருந்த சிரிப்புப்பொறி மட்டும் ஓயாது ஒலித்துக்கொண்டிருக்கின்றது. எள்ளுவதற்கு ஆளில்லாதபோதும் எள்ளல் நிற்கவில்லை.

1992 இல் தொடங்கிய பற்மன் சித்திரத் தொலைக்காட்சித் தொடரிலே ஜோக்கருக்குக் குரல் கொடுத்தவர் மார்க் ஹமில். நடிகரின் முகம் இல்லை; குரல் ஒன்றினாலேயே பாத்திரம் எழவேண்டும். கேலி, சினம், களிப்பு, ஏமாற்றம் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு சிரிப்பை ஹமில் வழங்கினார். சிறுவர்க்கெனச் செய்யப்பட்டதாயினும் இத்தொடரின் கதையொன்று பெரியோர்க்கான படங்கள் பல தொடாத ஆழத்தைத் தொடுகின்றது. சார்லி கொலின்ஸ் என்னும் சாதாரண மனிதர் தெருவில் வாகனம் ஓட்டிச் செல்கையில் முன்சென்றவனை ஏசிவிடுகின்றார், அவன் ஜோக்கர். உயிர்ப்பிச்சைக்கு ஈடாகப் பின்னொரு நாள் ஓர் உதவி செய்யவேண்டும் என்று சொல்லி விடுகின்றான். ஊரும் பெயரும் மாற்றிக்கொண்டு ஒளிந்து வாழும் அவரை ஆண்டுகள் சிலவற்றின்பின் அழைக்கின்றான். கதை முடிவிலே கொலின்ஸ் ஒரு வெடிகுண்டோடு ஜோக்கரை ஒதுக்குப்புறத்தில் மடக்கி, பற்மனோடு பொருது மடியும் பெருஞ்சாவு உனக்கு இல்லை, பேரறியாத ஒருவன் கையில் இந்தச் சந்திலே அழிவாய் என அச்சுறுத்துகின்றார். அப்போது ஜோக்கர் பற்மனைக் கூவி அழைத்துக் காக்குமாறு வேண்டுகின்றான். குண்டு வெறும் விளையாட்டுப் பொருள் எனப் பின்னர் தெரிகின்றது. பார்ப்போர் இல்லாத இடத்தில் அவனாற் சிரிக்க முடியவில்லை என்பதைக் கண்டு சொன்ன கதை இது ஒன்றே.

2008 இல் கிறிஸ்தோபர் நோலன் நெறிப்படுத்திய ‘தி டாக் நைற்’ படத்திலே ஹீத் லெஜர் ஜோக்கராக நடித்தார். படம் வெளிவருவதற்குச் சில திங்கள்முன், அவ்வாண்டு ஜனவரியில், தம் 28 ஆம் வயதில் அவர் இறந்தார். மறு ஆண்டு சிறந்த துணைநடிகருக்கான ஒஸ்கார் பரிசு அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. அப்பாத்திரமே அவரைப் பலிகொண்டது என்று கதை கட்டுவோர் உளர். மருந்துகள் ஒன்றோடொன்று கலந்தமையால் தற்செயலாக நேர்ந்த மரணத்தை நடிப்பின் சான்றிதழாகக் காட்டுவது கலைக்கும் பெருமையன்று, இறந்தவர்க்கும் மரியாதையன்று.

இந்த ஜோக்கருக்குப் பெயரில்லை. பிடிபட்டபோது விரல்ரேகை எந்தப் பதிவோடும் பொருந்தவில்லை. உடையிலே தைத்தவரின் குறியும் இல்லை. முகத்தின் வெண்மை இரசாயனத்தால் வந்ததன்று. வியர்வையிற் கரைந்து வழியும் பூச்சு. வாயின் இருபுறமும் பழைய வெட்டுவடுக்கள். அவை எவ்வாறு வந்தன என்பதை ஒருவனிடம், தந்தை செய்தார் என்கின்றான். வேறொருத்தியிடம், மனைவிக்காகத் தானே வெட்டிக்கொண்டதாகக் கூறுகின்றான். மூன்றாம் முறை பற்மனிடம் சொல்லத் தொடங்கும்போது பற்மன் கேட்க நிற்கவில்லை. காரணம் கேட்கும் நம் ஆவலையே அவன் ஆயுதமாக்குகின்றான். ஷேக்ஸ்பியரின் இயாகோவைப்பற்றி எழுதியபோது, காரணமற்ற தீமை தனக்குக் காரணங்களைத் தேடி அலைவதாகக் கோல்ரிட்ஜ் கருதினார். இயாகோ பதவி கிடைக்கவில்லை என்கின்றான். மனைவியின்மேல் ஐயம் என்கின்றான். இறுதியில் இனி வாய் திறவேன் என்று மௌனமாகின்றான். லெஜரின் ஜோக்கர் அம்மௌனத்தின் இடத்திலே பொய்க்கதைகளை வைக்கின்றான். விளைவு ஒன்றே.

இப்படத்தின்மேற் சாட்டப்படும் குற்றம் ஒன்றை ஈண்டு ஆராய்தல் வேண்டும். வைத்தியசாலையிலே தாதியின் உடையில் வந்து ஹாவி டென்ற் என்னும் சட்டத்தரணியிடம், தான் திட்டமெதுவும் இல்லாதவன் என்று ஜோக்கர் கூறுகின்றான். ஆனால் படத்தின் தொடக்கத்தில் வங்கியைக் கொள்ளையிட்டு, பாடசாலை பஸ்களின் வரிசை செல்லும் அந்தக் கணத்திலேயே தன் பஸ்ஸையும் அவற்றிடையே நுழைத்துச் செல்பவன் அவன். ஒவ்வொரு கூட்டாளியும் மற்றவனைக் கொல்லும் முறைகூட நிமிடக்கணக்கிலே வகுக்கப்பட்டிருந்தது. இது கதையமைப்பின் முரண்பாடு என்பர் சிலர். எம் கருத்து அதுவன்று. அவன் டென்றிடமும் பொய்யே சொன்னான். மனம் உடைந்து கிடந்த ஒருவனைக் கொலைஞனாக்குதற்கு எந்தப் பொய் வேண்டுமோ அந்தப் பொய்யைச் சொன்னான். வியப்பு யாதெனின், டென்றைப்போலவே படம் பார்த்தோரிற் பலரும் அதனை நம்பி, குழப்பத்தின் தத்துவஞானி என்று அவனைக் கொண்டாடியமைதான்.

அவன் சொல்வனவற்றுக்கு விடை சொற்களில் இல்லை, இரு பயணக் கப்பல்களிலே உள்ளது. ஒன்றிலே நகரமக்கள், மற்றொன்றிலே சிறைக்கைதிகள். ஒவ்வொரு கப்பலிலும் மற்றதை வெடிக்கச்செய்யும் விசை. நள்ளிரவுக்குள் ஒருவர் மற்றவரைக் கொல்லாவிடில் இரண்டும் வெடிக்கும் என்பது ஜோக்கரின் நிபந்தனை. நகரமக்கள் வாக்கெடுப்பு நடத்துகின்றனர். பெரும்பான்மையோர் மற்றக் கப்பலை வெடிக்கச் செய்யவே வாக்களிக்கின்றனர். ஆனால் விசையைக் கையில் எடுத்தவனுக்கு அழுத்த மனம் வரவில்லை. மற்றக் கப்பலிலே பெருவுருவினனான கைதியொருவன், அதிகாரியிடமிருந்து விசையை வாங்கிச் சாளரத்தினூடாகக் கடலில் எறிந்துவிட்டுப் போய் அமர்கின்றான். நல்லோர் மறைவான வாக்கிலே கொலைக்கு உடன்பட்டமையையும், தீயோன் எனப்பட்டவன் வெளிப்படையாக அதனை மறுத்தமையையும் நோலன் அருகருகே வைத்தது அரிய செயல். ஜோக்கர் மனிதரைப்பற்றிப் பாதி சரியாகவும் பாதி பிழையாகவும் கணித்தான் என்பதே அதிலிருந்து தெரிவது. டென்றைப் பொறுத்தவரை அவன் வென்றுவிட்டான். இறுதியில் தலைகீழாகத் தொங்கியபடி அவன் நகைக்கும்போது படப்பிடிப்புக் கருவி மெல்லத் திரும்புகின்றது. அவன் நேராக நிற்பதுபோலவும் மேலாடை மேல்நோக்கிப் பறப்பதுபோலவும் தோன்றுகின்றது. தொல்காப்பியரின் நான்கு நிலைக்களங்களுள் எதிலும் இந்நகையை அடக்க எம்மால் இயலவில்லை. அச்சத்தை விளைக்கும் நகை என்று மட்டுமே சொல்லலாம்.

2016 இல் வந்த ‘சூயிசைட் ஸ்குவாட்’ படத்திலே ஜரெட் லெற்றோ உடலெங்கும் பச்சை குத்தி, பற்களில் உலோகம் பூட்டி வந்தார். பாத்திரத்தின் இயல்பை நெற்றியிலே எழுதிவைத்தபின் நடிப்பதற்கு மிகுந்தது சொற்பம். அதனை விட்டு மேலே செல்வோம்.

ரொட் பிலிப்ஸ் நெறிப்படுத்திய ‘ஜோக்கர்’ 2019 இல் வெனிஸ் திரைப்பட விழாவிலே தங்கச்சிங்கப் பரிசைப் பெற்றது. அடுத்த ஆண்டு வாகீன் பீனிக்ஸ் சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் பரிசைப் பெற்றார். ஒரே பாத்திரத்தை ஏற்று நடித்த இருவர் இப்பரிசைப் பெறுதல் மிக அரிது. அதற்குமுன் ‘தி கோட்பாதர்’ படங்களின் வீற்றோ கோர்லியோன் பாத்திரமே அச்சிறப்பைப் பெற்றிருந்தது. இப்படத்தில் பற்மன் இல்லை. 1981 ஆம் ஆண்டு. குப்பை மலிந்த நகரம். கோமாளி வேடத்திலே கூலிக்கு வேலைசெய்து, நோயுற்ற தாயைப் பேணும் ஆதர் பிளெக் என்னும் எளியவன். அவனுக்கு ஒரு நோய் உண்டு: துயருற்றபோதும் அஞ்சியபோதும் அடக்கமுடியாத சிரிப்பு எழும். அந்நேரத்தில் பிறரிடம் காட்டுதற்கு, இஃது ஒரு நோய், பொறுத்தருள்க என அச்சிட்ட அட்டையைக் கையில் வைத்திருக்கின்றான்.

மெய்ப்பாடு என்பதன் அடிப்படை, உள்ளத்து உணர்வு உடம்பின்கண் புலப்படுதல். அவ்வடிப்படை இங்கே உடைகின்றது. உள்ளே அழுகை, உடம்பிலே நகை. சிரிக்கச் சிரிக்கத் தொண்டை அடைத்து, அவன் மூச்சுக்குத் திணறுகின்றான். வேடிக்கை மண்டபத்திலே பிறர் சிரிக்கும் இடத்தைக் கற்றுக்கொள்ளக் குறிப்புப் புத்தகத்தோடு சென்று, தவறான இடங்களிலே செயற்கையாகச் சிரிக்கின்றான். இருவகைச் சிரிப்பும் ஒரே தொண்டையிலிருந்து வேறுவேறாக ஒலிக்கக் கேட்பது, பீனிக்ஸின் நடிப்பில் எம்மை மிகவும் கவர்ந்த பகுதி. 1940 இல் விட்டுவிடப்பட்ட குவின்பிளேனின் நெஞ்சை, எண்பது ஆண்டுகளின்பின் பிலிப்ஸ் மீண்டும் அம்முகத்தின் பின்னால் வைத்தார் என்று சொன்னால் மிகையாகாது. பிரபுக்கள் சபையின் இடத்தில் இப்போது தொலைக்காட்சி நிகழ்ச்சி. ஏழையின் துயரை எடுத்துரைக்கும் முகத்தைப் பார்த்து நகைக்கும் கூட்டம் மாறவில்லை. ஆனால் ஹியூகோவின் தலைவன் பிரபுப்பட்டத்தைத் துறந்து வெளியேறினான். ஆதர், தன்னைக் கேலிசெய்த நிகழ்ச்சியாளரை எல்லோரும் பார்த்திருக்கச் சுடுகின்றான்.

எம் தடை இங்கேதான் எழுகின்றது. நகரசபை நிதியைக் குறைத்தமையால் அவனுக்கு ஆலோசனை கூறிவந்த நிலையம் மூடப்படுகின்றது, மருந்து நின்றுவிடுகின்றது. தாயின் பழைய பதிவேட்டைப் பார்த்து, தான் தத்துப்பிள்ளை என்பதையும் குழந்தைப் பருவத்தில் வதைக்கப்பட்டமையையும் அறிகின்றான். இவை அனைத்தும் உண்மையான துயரங்கள். அரசும் சமூகமும் நாணவேண்டியவை. ஆயினும் அவன் கொல்வோரைக் கணக்கிட்டுப் பாருங்கள். நிலக்கீழ்ப் புகையிரதத்திலே அவனை அடித்த மூவர். அவனைக் காவாது விட்ட தாய். அவனைக் காட்டிக்கொடுத்த தொழிற்றோழன். அவனை ஏளனம் செய்த நிகழ்ச்சியாளர். பெரும்பாலும் ஒவ்வொருவரும் முன்னரே குற்றவாளியாக்கப்பட்டு நம்முன் நிறுத்தப்படுகின்றனர். நாம் ஆதருக்கு இரங்குவதோடு அமையாது, அவன் சுடும்போது உள்ளூர ஒருவகை நிறைவும் அடையுமாறு கதை ஒழுங்குசெய்யப்பட்டிருக்கின்றது. துயருக்கு இரங்குதல் வேறு. துயருற்றவன் தன் பகைவரைக் கொல்வதிலே பங்குகொள்ளுதல் வேறு. மேலும், உளநோயுற்றோரில் மிகப் பெரும்பாலோர் எவரையும் தாக்குவதில்லை. தாக்கப்படுவதே அவர்களிடை மிகுதி. மருந்து நின்றது, கொலை தொடங்கிற்று என்ற வரிசை அவர்களுக்குச் செய்யும் தீங்கை இப்படம் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இத்தனைக்கும் நடுவே ஒரு காட்சி, படத்தை அதன் சொந்தக் குற்றத்திலிருந்து சற்றே மீட்கின்றது. ஆதரின் வீட்டுக்கு வந்த தோழர் இருவரில் ஒருவனை அவன் கத்தரிக்கோலாற் குத்திக் கொல்கின்றான். மற்றவன் காரி, குள்ள உருவினன். ஆதரிடம் அன்பாக நடந்தவன். அவனைப் போகவிடுகின்றான். நடுங்கியபடி கதவுவரை சென்ற காரிக்கு மேலே பூட்டிய சங்கிலி எட்டவில்லை. கொலைஞனையே திரும்பிப் பார்த்து, கதவைத் திறந்துவிடுமாறு கேட்கவேண்டியிருக்கின்றது. பார்ப்போர்க்குச் சிரிப்பு வருகின்றது. வந்த அக்கணமே அது தொண்டையிற் சிக்குகின்றது. பிறன் உடற்குறையைக் கண்டு எழும் எள்ளல்நகை நம்முள்ளேயும் உறங்குகின்றது என்பதை இக்காட்சி நமக்குச் சொல்லாமலே காட்டிவிடுகின்றது. படம் முழுவதும் இந்த நேர்மையோடு அமைந்திருப்பின் எம் தடைக்கு இடமிராது.

பற்மனின் பெற்றோர் கொலையை இம்மூன்று நெறியாளரும் கையாண்ட முறையும் நோக்கத்தக்கது. பேர்ட்டன் அதனை ஜோக்கரின் கையிலேயே வைத்தார். நோலன் அதற்கும் ஜோக்கருக்கும் தொடர்பே வையாது விட்டார். பிலிப்ஸோ, கோமாளி முகமூடி அணிந்த கலகக்காரன் ஒருவன் அதனைச் செய்வதாகக் காட்டினார். ஆதர் அதனை அறியான். மூவருள் பிலிப்ஸ் கண்ட வழியே சிறந்தது என்பது எம் துணிபு. முகமூடி அதனை முதலில் அணிந்தவனின் கையைவிட்டுப் போய்விட்டது என்னும் செய்தி அதில் அடங்கியிருக்கின்றது.

அச்செய்தியை வளர்த்து அவரே 2024 இல் ‘ஜோக்கர்: போலி ஆ து’ என்னும் தொடர்ச்சியை எடுத்தார். இசையும் நீதிமன்றமும் கலந்த அப்படத்தைப் பார்ப்போர் பெரிதும் புறக்கணித்தனர். பெரும் பொருளிழப்பும் நேர்ந்தது. பாடல்கள் கதையை நகர்த்தாது நிறுத்துகின்றன என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் முதற்படத்தின் வெற்றியிலே மயங்கியோர்க்கு அதன் ஆசிரியரே கூறிய மறுப்புரையாக இதனைக் கொள்ளலாம். காரி சாட்சிக்கூண்டிலே வந்து நின்று, தான் அன்று அடைந்த அச்சத்தைச் சொல்லுகின்றான். ஈற்றில் ஆதர், ஜோக்கர் என்று ஒருவன் இல்லை, கொன்றவன் நானே என்று நீதிமன்றத்திலே ஏற்றுக்கொள்கின்றான். அக்கணமே அவனைக் கொண்டாடியோர் எழுந்து போகின்றனர். அவனைக் காதலித்தவளும் போகின்றாள், அவள் காதலித்தது முகமூடியையே ஆதலின். பின்னர் சிறையின் நடைவழியிலே இளங்கைதி ஒருவன் ஆதரைக் கத்தியாற் குத்துகின்றான். ஆதர் குருதி வழியக் கிடந்து உயிர் விடும் முகத்தையே கருவி அணுகி நோக்குகின்றது. அவனுக்குப் பின்னால், தெளிவற்ற உருவமாக, அந்தக் கைதி சிரித்துக்கொண்டே தன் வாயின் ஓரங்களைத் தானே கத்தியாற் கீறிக்கொள்ளுகின்றான். குவின்பிளேனின் வாயைக் கிழித்தற்கு ஓர் அரசனும் ஒரு கூட்டமும் வேண்டியிருந்தன.